ஒரே ஆளுக்குப் பழகிய குதிரையில் மற்றவர்களும் ஏற: படிப்படியான வழிகாட்டி

"என்னைத் தவிர வேறு யாரையும் முதுகில் ஏற்றாது" என்று குதிரை வைத்திருப்பவர்கள் மீசையை முறுக்கிக்கொண்டு சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். செஞ்சி தேசிங்கு ராஜனுக்கு அது பெருமையாக இருந்திருக்கலாம். சம்பளக் காசில் கொள்ளும் புல்லும் வாங்கிப் போடுகிறவருக்கு அது தலைவலி. நீங்கள் காய்ச்சலில் படுத்தால் குதிரையும் லாயத்திலேயே நிற்கும். மகள் ஆசைப்பட்டாலும் ஏற முடியாது. விற்க நேர்ந்தால், வாங்க வந்தவர் ஒரு தடவை ஏறிப் பார்த்துவிட்டுப் பாதி விலை கேட்பார்.

எங்கள் வீட்டுப் பெட்டைக் குதிரை அந்தியூர் ஆடிச் சந்தையில் வாங்கியது, குஜராத்தின் கத்தியவாரி இனக் கலப்பு. நான் ஏறினால் பசு மாதிரி நடக்கும். வேறு யாராவது அங்கவடியில் கால் வைத்தால் பின்புறத்தைச் சுழற்றிக்கொண்டு விலகும். ஏறிவிட்டால் தலையை உயர்த்திக்கொண்டு விறுவிறுவென்று ஓடும். இதற்கு வழி கேட்டு அலைந்தபோது ஒருவர் தீனியைக் குறைக்கச் சொன்னார், ஒருவர் சாட்டையைக் காட்டச் சொன்னார், ஒருவர் விற்றுவிடச் சொன்னார். வேலைக்கு ஆனது எது என்பதை வரிசைப்படுத்தி இங்கே தருகிறேன்.

ஏற்கெனவே ஒருவர் சவாரி செய்துவரும் குதிரைக்கான வழிமுறை இது. முதுகில் இதுவரை யாருமே ஏறாத குட்டிக்கு இது பொருந்தாது. காயடிக்காத ஆண் குதிரையில் பிள்ளைகளை ஏற்றும் எண்ணம் இருந்தால் அதை இங்கேயே விட்டுவிடுங்கள்.

ஒரு விஷயத்தை முதலிலேயே மனதில் இருத்திக்கொள்ளுங்கள். உங்கள் கால் எங்கே அழுத்தும், லகானை எப்போது தளர்த்துவீர்கள், நாக்கை எப்படிச் சொடுக்குவீர்கள் என்பது குதிரைக்கு மனப்பாடம். புதியவரின் அசைவு ஒவ்வொன்றும் அதற்குப் புரியாத பாஷை. புரியாத இடத்தில் குதிரை பயப்படும், பயந்தால் ஓடும். பிடிவாதம், திமிர், விசுவாசம் என்று நாம் வைக்கும் பெயர்களுக்கெல்லாம் பெரும்பாலும் அடியில் இருப்பது இதுதான்.

1. முதலில் கால்நடை மருத்துவர்

புது ஆளிடம் துள்ளுகிற குதிரைக்கு முதுகுவலி இருக்கலாம். நீங்கள் சமநிலையோடு உட்காருவதால் பொறுத்துக்கொண்டிருக்கும். தொம்மென்று உட்காருகிறவரிடம் பொறுக்காது. ஆகவே பழக்குவதற்கு முன் உடம்பைப் பாருங்கள்.

நீங்களே செய்யக்கூடிய சோதனை ஒன்று உண்டு. சேணம் இல்லாமல் நிற்கவைத்து, முதுகெலும்பின் இரு பக்கமும் நான்கு விரல்களால் நடுத்தரமாக அழுத்திக்கொண்டே இடுப்பு வரை போங்கள். ஓர் இடத்தில் தோல் சுரீரென்று இழுத்தாலோ, முதுகு கீழே தாழ்ந்தாலோ, காது பின்னுக்குப் படிந்தாலோ அந்த இடத்தைக் குறித்து மருத்துவரிடம் காட்டுங்கள்.

வாயைத் திறந்து பார்ப்பது அதைவிட முக்கியம். நம் ஊருக்கு வரும் குதிரைகளில் கல்யாண ஊர்வலத்துக்கும் சாரட் வண்டிக்கும் ஓடியவை நிறைய. அவற்றுக்கு முள் வைத்த வாயிரும்பு (லகானோடு சேர்த்து வாய்க்குள் மாட்டும் இரும்பு) போட்டிருப்பார்கள். நாக்கின் குறுக்கே வெள்ளைத் தழும்பு, உதட்டு ஓரத்தில் தடித்த தோல், முன்பல்லுக்கும் கடைவாய்ப் பல்லுக்கும் இடையிலான வெற்று ஈறில் மேடு பள்ளம் இவை இருந்தால், அந்தக் குதிரைக்கு லகான் என்றாலே வலி என்று பொருள். முன்பின் தெரியாத கை லகானைத் தொட்டதும் தலையைத் தூக்குவது அதனால்தான். கடைவாய்ப் பற்களின் ஓரம் கூராக வளர்ந்து கன்னத்தைக் கிழிப்பதும் சாதாரணம். வருடத்துக்கு ஒரு முறையாவது பல்லை அரத்தால் தேய்த்துச் சமன் செய்ய வேண்டும்.

உள்ளூர்க் கால்நடை மருத்துவர்கள் மாட்டு வைத்தியத்தில் கெட்டிக்காரர்கள். ஆனால் குதிரை பார்த்த அனுபவம் உண்டா என்று வெட்கப்படாமல் கேளுங்கள். இல்லையென்றால் கால்நடை மருத்துவக் கல்லூரிகளின் சிகிச்சைப் பிரிவுக்குப் போகலாம். சென்னை வேப்பேரி, நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி ஆகிய இடங்களில் கல்லூரிகள் இருக்கின்றன.

2. எடைக் கணக்கு

இதைப் பலரும் தாண்டிப் போய்விடுகிறார்கள். ஒரு துணி டேப் போதும். முன்னங்காலுக்குப் பின்னால் மார்பைச் சுற்றி அளவெடுங்கள். பிறகு தோள் முனையிலிருந்து பிட்டத்து எலும்பின் முனை வரை நீளம் எடுங்கள். இரண்டும் சென்டிமீட்டரில். சுற்றளவைச் சுற்றளவால் பெருக்கி, வந்ததை நீளத்தால் பெருக்கி, 11,880ஆல் வகுத்தால் தோராயமான எடை கிலோவில் கிடைக்கும்.

மார்புச் சுற்று 165, நீளம் 150 என்று வையுங்கள். 165 × 165 × 150 ÷ 11,880 = சுமார் 344 கிலோ. குதிரை தாங்கும் சுமை அதன் எடையில் 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது பரவலாகப் பின்பற்றப்படும் வரம்பு. 344 கிலோவுக்கு அது 69 கிலோ. இதில் சேணமும் அடக்கம். சேணம், விரிப்பு, அங்கவடி எல்லாம் சேர்ந்து 8 கிலோ என்றால் ஏறுகிறவர் 61 கிலோவுக்குள் இருக்க வேண்டும். சமநிலை தெரியாத புதியவர் என்றால் நான் 15 சதவீதத்தைத்தான் வரம்பாக வைக்கிறேன்.

நம் நாட்டுக் குதிரைகள் பார்க்க உயரமாக இருந்தாலும் எடை குறைந்தவை. எண்பத்தைந்து கிலோ மைத்துனர் ஆசையாக வந்து நிற்பார். கணக்கைக் காகிதத்தில் எழுதி லாயத்துச் சுவரில் ஒட்டிவிட்டால் மனஸ்தாபம் வராது. மறுப்பது நீங்கள் அல்ல, காகிதம்.

நான்கு வயதுக்கு உட்பட்ட குதிரையில் பல பேரை மாற்றி மாற்றி ஏற்றாதீர்கள். முதுகெலும்பு முழுதாக முற்றுவதற்கு ஐந்து வயதும் தாண்டிவிடும்.

3. காகிதங்கள்

ஒருவரே சவாரி செய்யும் வரை யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். பலர் ஏறத் தொடங்கியதும் காகிதம் தேவைப்படும். இவற்றை ஒரே கோப்பில் போட்டு வையுங்கள்.

கிளாண்டர்ஸ் (குதிரை இனத்தைத் தாக்கும் பாக்டீரியா நோய்), குதிரைத் தொற்று ரத்தசோகை ஆகிய இரண்டுக்கும் ரத்தப் பரிசோதனை அறிக்கை. கிளாண்டர்ஸ் மனிதருக்கும் தொற்றும்; 2009ஆம் ஆண்டின் கால்நடைத் தொற்றுநோய்த் தடுப்புச் சட்டப்படி அரசுக்குத் தெரிவித்தே ஆக வேண்டிய நோய். உறுதியானால் குதிரையைக் காப்பாற்ற வழியில்லை. பத்துப் பேர் முகத்தோடு முகம் வைத்துப் பழகப்போகும் குதிரைக்கு இந்த அறிக்கை இல்லாமல் இருக்கக் கூடாது. மாதிரியை அரசுக் கால்நடை மருத்துவர் வழியாகவே அனுப்புங்கள். குதிரை நோய்களுக்கான தேசிய ஆராய்ச்சி மையம் ஹரியானாவின் ஹிசாரில் இருக்கிறது. மாதிரி அங்கே போய்த் திரும்ப வேண்டியிருந்தால் அறிக்கை வர வாரக்கணக்கில் ஆகலாம். அதனால் பழக்கத் தொடங்கும் முன்பே ரத்தம் கொடுத்துவிடுங்கள்.

தடுப்பூசிப் பதிவு. குதிரைக்கு டெட்டனஸ் ஊசி ஆண்டுதோறும். லாயத்தில் புழங்கும் மனிதர்களும் டி.டி. ஊசி போட்டிருக்க வேண்டும்; லாடம் மிதித்த காயத்தைச் சேற்றோடு வைத்துக்கொண்டு திரிவது நல்லதல்ல.

காப்பீடு. குதிரைக்கான காப்பீட்டைப் பொதுத்துறை நிறுவனங்கள் தருகின்றன. ஆனால் பொறி எங்கே என்றால், அது குதிரை இறந்தால் உங்களுக்குக் கிடைக்கும் பணம். சவாரி செய்கிறவர் விழுந்து கையை ஒடித்துக்கொண்டால் அதில் ஒரு பைசா வராது. அவருக்குத் தனி விபத்துக் காப்பீடு வேண்டும். முகவர் தலையாட்டினார் என்பதற்காக நம்பாமல் பாலிசியில் வாசித்துப் பாருங்கள்.

ஒப்புதல் படிவம். பெயர், வயது, எடை, முன் அனுபவம், ரத்த வகை, அவசரத்துக்கு அழைக்க வேண்டிய எண், முதுகு அல்லது இதயக் கோளாறு உண்டா, ஆபத்தை அறிந்தே ஏறுகிறேன் என்ற வரி, கையெழுத்து. பதினெட்டு வயதுக்குக் கீழ் என்றால் பெற்றோர் கையெழுத்து. வழக்கு வந்தால் இது உங்களை முழுதாகக் காப்பாற்றும் என்று எண்ண வேண்டாம். ஆனால் "அனுபவம் உண்டு" என்று வாயால் சொல்கிறவர், எழுதச் சொன்னால் "ஊட்டி ஏரிக்கரையில் ஒரு முறை" என்று உண்மையை எழுதுவார். அதற்காகவே இந்தப் படிவம்.

குதிரையைப் பயிற்சியாளரிடம் வேறு ஊருக்கு லாரியில் அனுப்புவதானால், பயணத்துக்குத் தகுதி என்ற மருத்துவர் சான்றிதழ் வண்டியிலேயே இருக்க வேண்டும்.

4. சேணமும் வாயிரும்பும்

முள் வாயிரும்பு இருந்தால் இன்றே கழற்றிப் போடுங்கள். 1965ஆம் ஆண்டின் வண்டி, பொதி விலங்குகள் விதிகளே முள்ளும் முனையும் உள்ளவற்றைத் தடை செய்கின்றன. அதற்குப் பதில் நடுவில் மூட்டு உள்ள, வழுவழுப்பான சாதாரண வாயிரும்பு போதும். "இதைப் போட்டால் நிற்காது" என்பார்கள். வலிக்குப் பயந்து நின்ற குதிரைக்கு நிற்கச் சொல்லிக் கொடுப்பதுதான் அடுத்த படி.

சேணம் குதிரைக்குப் பொருந்த வேண்டும்; ஆளுக்குத் தக்கபடி அங்கவடி வாரை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். ஆள் ஏறிய பிறகும் தோள்மேட்டுக்கும் (கழுத்து முதுகோடு சேரும் இடத்து மேடு) சேணத்துக்கும் நடுவே இரண்டு மூன்று விரல் நுழைய வேண்டும். கனமான ஆள் ஏறினால் இந்த இடைவெளி சுருங்கும் என்பதால் அவரை உட்காரவைத்தே பாருங்கள். கான்பூரில் செய்யும் தோல் சேணங்கள் நம் கைக்கு அடங்கும் விலையில் கிடைக்கின்றன. படத்தைப் பார்த்து வாங்காமல், திருப்பி அனுப்ப ஒப்புக்கொள்கிற கடையில் வாங்குங்கள். சிறுபிள்ளைகளுக்கு அங்கவடி வார் நீளமாக இருக்கும். அதைச் சுற்றி முடிச்சுப் போட்டுச் சமாளிக்காதீர்கள். அவர்களுக்கென்று குட்டை வார் ஒரு ஜோடி தனியாக வாங்குங்கள்.

5. சைகைகளை ஒரே மாதிரி ஆக்குங்கள்

மொத்த வேலையில் பாதி இதுதான். குதிரை மேல் யாரையும் ஏற்றாமலே இதைச் செய்யலாம்.

முதலில் நீங்கள் செய்வதை நீங்களே கவனியுங்கள். யாரையாவது செல்போனில் படம் பிடிக்கச் சொல்லிப் பாருங்கள். கிளம்புவதற்கு நீங்கள் கால் கொடுப்பதாக நினைத்துக்கொண்டிருப்பீர்கள். படத்தில் பார்த்தால் அதற்கு முன்பே இடுப்பை முன்னால் தள்ளி, நாக்கைச் சொடுக்கி, லகானை ஓர் அங்குலம் விட்டிருப்பீர்கள். குதிரை அதையெல்லாம் சேர்த்துத்தான் "கிளம்பு" என்று படித்திருக்கிறது. புதியவர் காலை மட்டும் அழுத்துவார், அது நிற்கும், அவர் பலமாக உதைப்பார், அது பாயும்.

ஆகவே எல்லோராலும் செய்யக்கூடிய, எளிய சைகைகளை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். கிளம்ப: இரு கணுக்காலாலும் மெல்லிய அழுத்தம். நிற்க: மூச்சை விட்டு, நிமிர்ந்து உட்கார்ந்து, இரண்டு லகானையும் சேர்த்து மெல்ல இறுக்கம், கூடவே "ஹோ". திரும்ப: அந்தப் பக்கத்து லகானைப் பக்கவாட்டில் விரித்துக் காட்டுதல். பின்னே போக: நிற்கும் சைகையையே, நின்ற பிறகு மறுபடி. இந்த நான்கு போதும்.

குதிரை சரியாகச் செய்த அந்த நொடியிலேயே அழுத்தத்தை விட்டுவிட வேண்டும். அது பாடம் கற்பது அழுத்தத்தில் அல்ல, விடுவதில். ஒரு காலடி வைத்ததும் கணுக்காலை எடுக்காமல் அழுத்திக்கொண்டே இருந்தால், அழுத்தத்துக்கு அர்த்தமே இல்லை என்று அதற்குப் புரியும். அடுத்து வருகிறவர் உதைக்க வேண்டிவரும்.

லாயத்து ஆளையும் இதில் சேருங்கள். நீங்கள் "ஹோ" என்று நிறுத்துவீர்கள். அவர் "ட்ர்ர்" என்பார். உங்கள் பையன் "ஸ்டாப்" என்று கத்துவான். ஒரு சொல்லை முடிவு செய்து, கரிக்கட்டியால் சுவரில் எழுதி வையுங்கள்.

ஓய்வுபெற்ற பந்தயக் குதிரை வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. அதற்குப் பல ஆட்கள் புதிதல்ல. தினமும் காலையில் வேறு வேறு ஆள் ஏறியிருப்பார்கள். ஆனால் எல்லோரும் எடை குறைந்தவர்கள், குட்டை அங்கவடியில் எழும்பி நின்றே ஓட்டுகிறவர்கள், ஏறும்போது இன்னொருவர் காலைப் பிடித்துத் தூக்கிவிட, குதிரை நடந்துகொண்டே இருக்கும். வயிற்றோரம் நீளமாகத் தொங்கும் கால் அதற்குப் புதிது. லகானை இறுக்கிப் பிடித்தால் அதற்கு "வேகமாகப் போ" என்றுதான் பழக்கம். பயந்த புதியவர் முதலில் செய்வதும் லகானை இறுக்குவதுதான். இந்த ஒரு முடிச்சை அவிழ்க்கவே சில மாதம் ஒதுக்குங்கள்.

6. தரையில் பல கைகள்

ஏறப்போகிறவர் முதலில் தரையில் பழகட்டும். இடது தோளருகே வந்து நிற்பது, ஹால்டர் (வாயிரும்பு இல்லாத தலைவார்) மாட்டுவது, பிரஷ் போடுவது, குளம்பைத் தூக்கிச் சுத்தம் செய்வது, நடத்திக் கூட்டிப்போய் மூன்று இடத்தில் நிறுத்தித் திருப்புவது. நேர் முன்னாலும் நேர் பின்னாலும் குதிரைக்குக் கண் தெரியாத இடம் உண்டு. அங்கிருந்து திடீரென்று வரக் கூடாது என்பதை முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

வெல்லமும் கேரட்டும் கையில் வைத்துக்கொண்டு ஆளுக்கு ஆள் ஊட்டுவது எனக்குப் பிடிக்காது. வருகிறவர் பாக்கெட்டையெல்லாம் முகர்ந்து, கிடைக்காவிட்டால் கடிக்கப் பழகும். கொடுக்க வேண்டுமானால் தொட்டியில் போடுங்கள். கழுத்தடியில், தோள்மேட்டருகே சொரிந்து கொடுத்தால் அதைவிட மகிழும். உதட்டை நீட்டி ஒரு பக்கம் கோணிக்கொண்டு நிற்பதைப் பார்த்தாலே தெரியும்.

7. ஏறும்போது அசையாமல் நிற்க

புது ஆளோடு நடக்கும் விபத்துகளில் பல, சவாரி தொடங்குவதற்கு முன்பே, ஒரு கால் அங்கவடியிலும் ஒரு கால் ஆகாயத்திலும் இருக்கும்போது நடப்பவை. எனவே இந்தப் படியில் அவசரம் வேண்டாம்.

ஒன்றரை அடி உயரத்தில் உறுதியான திட்டு ஒன்று வேண்டும். பிளாஸ்டிக் நாற்காலி கூடாது. நாலு சிமென்ட் கல்லும் மேலே அசையாமல் பொருத்திய ஒரு பலகையும் இருந்தால் ஆயிற்று. தரையிலிருந்து ஏறினால் சேணம் ஒரு பக்கமாக இழுபட்டு முதுகெலும்பை முறுக்கும். கனமான ஆளானால் இன்னும் மோசம்.

முதலில் நீங்களே செய்து காட்டுங்கள். குதிரையைத் திட்டருகே நிறுத்துங்கள். நீங்கள் திட்டின் மேல் ஏறி நின்று கழுத்தைத் தடவிவிட்டு இறங்குங்கள். அசைந்தால் திட்டாமல், அடிக்காமல், பழைய இடத்துக்கே கொண்டுவந்து நிறுத்துங்கள். அது ஒரு பெருமூச்சோடு நிற்கத் தொடங்கிய பிறகு, சேணத்தைத் தட்டுங்கள். அங்கவடியை விலாவில் படும்படி ஆட்டுங்கள். கையை முதுகின் மறுபக்கம் வரை நீட்டி ஆட்டுங்கள். அடுத்து, அங்கவடியில் கால் வைத்து எடையைக் கொடுத்து, உடனே இறங்குங்கள். அதற்கடுத்து, வயிறு சேணத்தில் படக் குறுக்கே சாய்ந்து, இறங்குங்கள். பிறகுதான் காலைத் தூக்கிப் போடுவது. போடும்போது, புதியவர்கள் செய்வதுபோல, வேண்டுமென்றே பூட்ஸ் நுனியால் பின்புறத்தை லேசாக உரசுங்கள். நாளை ஒருவர் அதைச் செய்யத்தான் போகிறார். இன்று உங்களிடமிருந்தே பழகட்டும்.

உட்கார்ந்ததும் கிளம்பக் கூடாது. பத்து வரை எண்ணுங்கள். அங்கவடி வாரைச் சரிசெய்வதுபோல் குனியுங்கள். அதன்பின் சைகை கொடுத்தால்தான் நகர வேண்டும். வலப் பக்கத்திலிருந்தும் இதே வரிசையில் செய்யுங்கள். குதிரை ஒரு கண்ணால் பார்த்துப் பழகியதை மறு கண்ணால் பார்க்கும்போது புதிதாக மிரளலாம்.

இதெல்லாம் உங்களிடம் சலிப்பூட்டும் அளவுக்கு நடந்த பிறகு, தரையில் பழகிய அந்த இரண்டாம் ஆள் இதே வரிசையைத் தொடக்கத்திலிருந்து செய்ய வேண்டும். நீங்கள் ஹால்டர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு தலையருகே நில்லுங்கள். மூட்டையைக் கட்டிப் பழக்கலாமா என்று கேட்பார்கள். மூட்டை குனியாது, பேசாது, பயந்தால் முழங்காலை இறுக்காது. அதனால் எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. சரிந்து வயிற்றுக்குக் கீழே தொங்கினால் கதை முடிந்தது.

8. இரண்டாம் ஆள்

முதலில் ஏறப்போகும் புதியவரைத் தேர்ந்தெடுப்பதில் கறாராக இருங்கள். உங்களைவிட எடை குறைந்தவர், சவாரி நன்றாகத் தெரிந்தவர், வாய் அதிகம் பேசாதவர். வீட்டில் அப்படி ஒருவர் இல்லையென்றால் பக்கத்துச் சவாரிப் பள்ளியிலிருந்து ஓர் ஆளைக் கூலிக்கு அழைத்து வாருங்கள். செலவு செய்ய வேண்டிய இடம் இது.

முதல் நாள்களில் நீங்கள் ஏறிப் பத்து நிமிடம் நடத்திவிட்டு இறங்குங்கள். அவர் ஏறட்டும். அவர் வெறும் பயணி. சைகை எல்லாம் தரையிலிருந்து நீங்கள். ஐந்து நிமிடம் நடந்து, நின்று, இறங்கினால் அன்றைக்குப் போதும். நன்றாகப் போகிறதே, இன்னும் கொஞ்சம் என்று ஆசை வரும், அங்கேதான் கெடும்.

அடுத்து ஏழெட்டு மீட்டர் நீளக்கயிற்றில், வட்டமாக. இப்போது சைகையை மேலே இருப்பவர் கொடுக்கட்டும். குதிரை கேட்கவில்லை என்றால் மட்டும் நீங்கள் தரையிலிருந்து உதவுங்கள். உங்கள் உதவி தேவைப்படாமல் இரு பக்கமும் நடந்து, நின்று, திரும்பி, பின்னே வந்த பிறகு ட்ராட் (நடையைவிட வேகமான மெல்லோட்டம்). கயிற்றைக் கழற்றுவது அதற்கும் பிறகு. அதுவும் வேலி அடைத்த இடத்தில். கயிறு கழற்றும் நாளில் நீங்கள் மைதானத்தின் நடுவிலேயே நில்லுங்கள். குதிரை உங்களைப் பார்த்துக்கொண்டே ஓடும். சில நாள் கழித்து வேலி ஓரம் போய், அதற்குப் பிறகு அது காணாத இடத்துக்குப் போங்கள். உடைமையாளர் கண்ணில் பட்டால் மட்டும் ஒழுங்காக நடக்கும் குதிரைகள் உண்டு.

9. ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம்

மூன்றாம், நான்காம் ஆள்களுக்கு இந்த வரிசை வேகமாக நடக்கும். விதி ஒன்றுதான்: ஆள் புதிது என்றால் இடம் பழையது, சேணம் பழையது, நேரம் பழையது. புது ஆளை ஏற்றிக்கொண்டு அன்றைக்கே ரோட்டுக்குப் போவதும், புதுச் சேணம் வந்த நாளில் மச்சானை ஏற்றுவதும் வேண்டாத வேலை.

புதியவர்கள் செய்யப்போகும் தவறுகளைத் தேர்ந்தவர் ஒருவர் முன்கூட்டியே நடித்துக்காட்ட வேண்டும். நடக்கும்போது ஒரு பக்கமாகச் சரிந்து உட்காருவது, அங்கவடியிலிருந்து காலை விடுவது, கணுக்கால் தெரியாமல் படுவது, லகானைத் தொங்கவிடுவது, தும்முவது, கத்திச் சிரிப்பது, பின்னால் திரும்பிப் பேசுவது, மழைக்கோட்டைக் கழற்றுவது. ஒவ்வொன்றையும் முதலில் நிற்கும்போதும், பிறகு நடக்கும்போதும், கடைசியில் ட்ராட்டிலும். துப்பட்டா காற்றில் பறப்பது பல குதிரைகளுக்கு ஆகாது. அதைப் பழக்குவதைவிட, துப்பட்டாவோடு ஏறக் கூடாது என்று விதி போடுவது எளிது.

முழுப் புதியவர்களும் பிள்ளைகளும் கடைசியில்தான். அவர்களோடு எப்போதும் கயிற்றுப் பிடி ஒருவர் கையில் இருக்க வேண்டும், குதிரை எவ்வளவு சாது ஆனாலும்.

10. பின்வாங்க வேண்டிய நேரம்

குதிரை சொல்லாமல் துள்ளுவது அரிது. காது பின்னால் படியும். வால் ஈ இல்லாமலே சுழலும். வயிற்று வாரை இறுக்கும்போது திரும்பிக் கடிக்கப் பார்க்கும். கண்ணில் வெள்ளை தெரியும். முதுகு பலகைபோல் விறைக்கும், நடை குட்டையாகும். இதில் ஒன்றைக் கண்டாலும் முந்தைய படிக்குத் திரும்புங்கள். அசையாமல் கல்லாக நிற்பதைச் சம்மதம் என்று எண்ணாதீர்கள். தலை தாழ்ந்து, வாய் மென்று, மூச்சு நீளமாக வந்தால்தான் அது தளர்ந்திருக்கிறது.

இந்தக் கட்டத்தில் ஊரில் ஒருவர் வருவார். "விடுங்க சார், நான் ஏறி ஒரே நாளில் படிய வைக்கிறேன்" என்பார். கையில் சாட்டை இருக்கும். களைத்து விழும் வரை ஓட்டிவிட்டு இறங்கி, "பாத்தீங்களா" என்பார். அன்று அது படியும்தான். மறு வாரம் தெரியாத ஆள் யார் ஏறினாலும் அந்த நாளை நினைத்து மிரளும். காப்பி கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

11. காலமும் செலவும்

ஆரோக்கியமான, முழுதாக வளர்ந்த குதிரைக்கு, வாரம் நான்கைந்து நாள், நாளுக்கு அரைமணி என்று வைத்தால், இரண்டாம் ஆள் கயிறில்லாமல் ஓட்ட ஒன்றரை முதல் இரண்டு மாதம். பலரும் ஏறும் நிலைக்கு ஆறு மாதம் வரை. வாய்ப்புண் ஆற வேண்டியிருந்தால் அந்தக் காலம் தனி.

காலை எட்டு மணிக்குள் முடியுங்கள், அல்லது மாலை ஐந்துக்குப் பின். பொள்ளாச்சி, கோவைப் பக்கம் ஆடிக் காற்றில் எல்லாக் குதிரையும் கொஞ்சம் பைத்தியம்தான். அந்த நாள்களில் பழைய ஆளே ஏறட்டும். தீபாவளிக்கு முன்னும் பின்னும் ஒரு வாரம் புது ஆள் வேண்டாம். வேலை குறைந்த நாளில் கொள்ளையும் ஓட்ஸையும் குறைத்துப் புல்லைக் கூட்டுங்கள். முந்தைய நாள் ஓய்வில் நின்ற குதிரைமேல் புதியவரை ஏற்றாதீர்கள்.

செலவு எங்கள் பக்கத்துக் கணக்கில், தோராயமாக: கூலிக்கு வரும் சவாரிக்காரருக்கு ஒரு வருகைக்கு 500 முதல் 1,000 ரூபாய், தரமான ஹெல்மெட் 4,000 ரூபாய்க்கு மேல், இரண்டு அளவில் வேண்டும், நான்கு காலுக்கும் லாடம் 1,500 முதல் 3,000 ரூபாய், ஆறு வாரத்துக்கு ஒரு முறை, கான்பூர் சேணம் 12,000 ரூபாயிலிருந்து, வாயிரும்பு சில நூறு ரூபாய். மருத்துவர் எவ்வளவு தூரத்திலிருந்து வருகிறார் என்பதைப் பொறுத்து அவருக்கான செலவு மாறும். பக்கத்தில் குதிரை வைத்திருப்பவர்களோடு சேர்ந்து ஒரே நாளில் வரவழைத்தால் வண்டிச் செலவைப் பங்கிடலாம். பைக் ஹெல்மெட்டைப் போட்டுச் சமாளிக்கலாமா என்று கேட்காதீர்கள். கனம் கழுத்தை இழுக்கும், பக்கப் பார்வையும் மறையும்.

12. பழக்கிய பிறகு

பலர் ஏறும் குதிரை மெல்ல மெல்ல மழுங்கும். புதியவர் பத்துத் தடவை தேவையில்லாமல் கணுக்காலால் தட்டியிருப்பார். அதில் ஒன்பதைக் குதிரை கண்டுகொள்ளாமல் விடக் கற்றிருக்கும். வாரத்தில் ஒரு நாளாவது நீங்களோ தேர்ந்த ஒருவரோ ஏறி, நான்கு சைகைகளையும் மெல்லிய அழுத்தத்தில் கேட்டு, உடனே விட்டு, மறுபடி கூர் தீட்ட வேண்டும்.

லாயத்தில் ஒரு நோட்டு தொங்கட்டும். தேதி, ஏறியவர், எவ்வளவு நேரம், எந்தச் சேணம், காதும் வாலும் எப்படி இருந்தன. யார் ஏறினாலும் இறங்கியதும் எழுத வேண்டும். ஒரே ஆளின் பெயருக்கு எதிரே "வால் சுழற்றியது" என்று தொடர்ந்து வந்தால் அவருடைய உட்காரும் முறையைப் பாருங்கள். எல்லோர் பெயருக்கும் எதிரே வந்தால் முதல் படிக்குப் போய் முதுகை அழுத்திப் பாருங்கள்.